வாழை கட்டிய கம்பம்

அடுத்த திங்கட்கிழமை முதல் நீங்கள் நான்கு பேரும் கண்ட்ரோல் ரூம் நாற்காலியில் மாறி மாறி உட்காரப் போகிறீர்கள். அதற்கு முன் உங்களுக்கு ஊக்கம் தரும்படி அரை மணி நேரம் ஏதாவது பேசச் சொல்லி மேனேஜர் போன் செய்தார். ஊக்கம் என்னிடம் அவ்வளவாகக் கிடையாது. வேலையில் இருந்தபோதும் இருந்ததில்லை. என் வருடாந்திர மதிப்பீட்டில் அதை இரண்டு முறை எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆகவே நான் செய்த தவறுகளைச் சொல்கிறேன். அவை கைவசம் நிறைய இருக்கின்றன.

நான் பெரம்பலூர் பக்கத்துக்காரன். விமானப்படையில் இருபது வருடம் ரேடார் முன்னால் உட்கார்ந்தேன். அங்கிருந்து ஓய்வு பெற்று வந்து, இதே அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பதின்மூன்று வருடம் திரை முன்னால் உட்கார்ந்தேன். மொத்தத்தில் முப்பத்து மூன்று வருடம் உட்கார்ந்தே காலம் தள்ளியிருக்கிறேன். வேலை மறந்தாலும் முதுகு மறக்கவில்லை.

டிரான்ஸ்பாண்டர் என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒரு பெட்டி ரேடியோவில் 'யார் அது?' என்று கேட்கும். இன்னொரு பெட்டி தன் நம்பரைச் சொல்லும். அவ்வளவுதான் விஷயம். விமானத்தில் இருப்பது, கேட்டால் பதில் சொல்லும். கப்பலில் இருப்பதற்கு வாய் கொஞ்சம் அதிகம். யாரும் கேட்காமலே தன் பெயரையும் போகிற திசையையும் சொல்லிக்கொண்டே போகும். உங்கள் ஹெல்மெட்டிலும் டிப்பர்களிலும் ஒட்டியிருக்கிற டேக், விமானத்தின் சித்தப்பா மகன். சுரங்கத்தில் அங்கங்கே நிற்கிற கம்பங்கள் நான்கு விநாடிக்கு ஒரு முறை கேட்கும், டேக் பதில் சொல்லும். எந்தக் கம்பத்துக்குப் பதில் வந்தது, எவ்வளவு நேரத்தில் வந்தது என்பதை வைத்து உங்கள் திரையில் ஒரு பச்சைப் புள்ளி விழும்.

விமானப்படை ரேடாருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே கேட்கும் கருவி ஒன்று, வெறுமனே உலோகத்தில் மோதித் திரும்பும் அலையைப் பார்க்கும் கருவி இன்னொன்று. பதில் சொல்லாத விமானமும் பெயரில்லாத புள்ளியாகவாவது தெரியும். நான் சேர்ந்த முதல் மாதம், அப்படி ஒரு புள்ளி வந்தது. பதில் வரவில்லை, எனவே கருவிக் கோளாறு என்று எழுதப் போனேன். பக்கத்து நாற்காலியில் கண்ணை மூடியிருந்த ஷிஃப்ட் பொறுப்பாளர், அவரும் நம் பக்கத்துத் திருச்சிக்காரர், கண்ணைத் திறக்காமலே சொன்னார். "பதில் வரலன்னா ஆளு இல்லன்னு அர்த்தமா? உன் வூட்டுக்காரிகிட்ட கேட்டுப் பாரு." எனக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. ஆன பிறகு விளங்கியது.

நம் சுரங்கத்தில் அந்த இரண்டாவது கருவி கிடையாது. இருப்பது காது மட்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. இருபது வருடம் அதே வேலை செய்தவன். அப்படியிருந்தும் இரண்டு முறை ஏமாந்தேன்.

முதல் முறை ஏமாந்தது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். டேக் வந்த புதிதில், வடக்கு வெட்டில் ஒரு டிரில்லர் நான்கு மணி நேரம் இடத்தை விட்டு நகராமல் வேலை செய்ததைத் திரையில் கவனித்தேன். டீ குடிக்கக்கூட நகரவில்லை. மாதக் கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லிப் பாராட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள், சிலர் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்கள். அவர் நகராமல் இருந்த அந்த நாள் வெள்ளிக்கிழமை. சிறுவாச்சூர் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும் என்பது எனக்கும் தெரியும். ஹெல்மெட்டை வேப்ப மரத்தில் மாட்டிவிட்டு அவர் அம்மனைப் பார்த்து, பொங்கல் சாப்பிட்டு, பஸ் பிடித்துத் திரும்பியிருந்தார். நான் பாராட்டியது வேப்ப மரத்தை. பாராட்டைத் திரும்பப் பெறுவது எப்படி என்று அலுவலக விதியில் இல்லாததால் அப்படியே விட்டுவிட்டோம்.

அடுத்ததில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

உங்களுக்குக் கலியபெருமாளைத் தெரியும். உடையார்பாளையத்துக்காரர், வெடி வைக்கும் பொறுப்பு அவருடையது. மதியம் ஒன்றரைக்கு வெடி என்றால், ஒரு மணிக்கே அவர் சுற்றி வருவார். ஐந்நூறு மீட்டருக்குள் ஒரு ஈ, காக்காய் இருக்கக் கூடாது. ஒவ்வொரு பள்ளத்திலும் கால்நடையாக இறங்கி, சத்தம் போட்டு ஆட்களை வெளியேற்றிவிட்டு, நான்கு பாதையிலும் சிவப்புக் கொடிக்காரர்களை நிறுத்திவிட்டு வந்துதான் கையெழுத்துப் போடுவார். டேக் வந்த பிறகு, சித்திரை வெயிலில் அந்த மனிதர் வியர்வையில் நனைந்து வருவதைப் பார்த்து நான்தான் சொன்னேன். எதற்கு இந்த அலைச்சல், திரையில் ஆள் இருந்தால் தெரியாதா என்றேன். அவர் இரண்டு மாதம் கேட்கவில்லை. மூன்றாவது மாதத்திலிருந்து வாக்கிடாக்கியில் 'ஸ்க்ரீன்ல என்னங்க சார்?' என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடத் தொடங்கினார். அதை நான் என் சாதனையாக மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதினேன்.

இரண்டாவது ஆள் ராயப்பன். சம்ப்பு என்று சொல்கிறோமே, சுரங்கத்தின் ஆழத்தில் மழைத் தண்ணீர் சேரும் குட்டை, அங்கே டீசல் பம்ப் ஓட்டுகிறவர். ஏலாக்குறிச்சியில் கொஞ்சம் நிலம், அதில் வாழை. மாதா கோயில் திருவிழாவில் தேருக்குத் தோள் கொடுக்கிற ஆள். ஆனாலும் நம் சுரங்கத்தில் ஆயுத பூஜைக்கு வாழை வருவது அவர் தோட்டத்திலிருந்துதான். எப்போது தொடங்கியது என்று யாருக்கும் நினைவில்லை. பூஜைக்கு முந்தின நாள் டிப்பரில் வாழையை ஏற்றி வந்து, கல் அள்ளும் ஷவலுக்கு இரண்டு, கல் உடைக்கும் க்ரஷருக்கு இரண்டு, எடை மேடைக்கு இரண்டு என்று அவரே கட்டிவிட்டுப் போவார்.

அந்த வருடம் பூஜைக்கு முந்தின மாலை வாக்கிடாக்கியில் அவர் குரல் வந்தது. நாலு மரம் மிச்சம் இருக்கிறது, சம்ப்பு ஓரத்துக் கம்பத்துக்கும் கட்டலாமா, வருஷம் பூராவும் நமக்காக நிற்கிறதே என்று கேட்டார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. என் கம்பத்துக்குப் பூஜை செய்ய வேண்டும் என்று அதுவரை யாரும் நினைத்ததில்லை. கட்டுங்க, நாலு பக்கமும் நல்லாக் கட்டுங்க என்றேன். அவர் நல்லாத்தான் கட்டினார். குலை தள்ளிய முழு மரங்கள், இடைவெளி இல்லாமல், கேட்கும் பெட்டி கண்ணில் படாதபடி. சந்தனமும் குங்குமமும் பெட்டியின் மேலேயே வைத்தாராம். மறுநாள் பூஜை, விடுமுறை. அதற்கு அடுத்த நாள் காலை வேலை தொடங்கியது.

அன்று காலை எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ராயப்பனின் புள்ளி கேட்டைத் தாண்டி உள்ளே போனது. சம்ப்பு இறக்கத்தின் தலைப்பில் ஒரு முறை தெரிந்தது. பிறகு காணவில்லை. பதினோரு மணிவாக்கில் அது எனக்கு உறைத்தது. உறைத்ததும் நானே எனக்கு ஒரு பதில் சொல்லிக்கொண்டேன். பண்டிகைக்கு மறுநாள், பாதிப் பேர் அரை நாளில் கிளம்பிவிடுவார்கள், இவரும் பின்பக்கக் கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதையில் வீட்டுக்குப் போயிருப்பார் என்று. நல்ல பதில். எந்தச் சந்தேகத்துக்கும் ஒரு நல்ல பதில் கிடைத்துவிட்டால் பிறகு யாரும் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை.

வெடி ஒன்றரைக்கு. குழிகளில் வெடிமருந்து நிரப்பி, இணைப்பெல்லாம் கொடுத்து முடித்தாயிற்று. அப்போது கிழக்கே வானம் கறுத்தது. ஐப்பசி மழை நம் ஊரில் எப்படி வரும் என்று தெரியுமே, மின்னல்தான் முதலில் வரும். மருந்து நிரப்பிய குழிகளை மின்னலுக்கு அடியில் விட்டுவைக்கக் கூடாது. ஒன்று, மின்னல் வருவதற்குள் வெடித்துவிட வேண்டும். இல்லையென்றால் எல்லோரையும் ஓட்டிவிட்டு, அது தானாக வெடிக்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தூரத்தில் நிற்க வேண்டும். கொடிக்காரர்கள் நான்கு பேரும் மேட்டில் வெட்ட வெளியில் நின்றுகொண்டிருந்தார்கள்.

சைரன் ஊதியாயிற்று. புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பாதை வழியே ஊர்ந்து, க்ரஷர் கம்பத்தைத் தாண்டி வெளியே வந்தன. திரையில் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை பூஜ்யம் காட்டியது. கலியபெருமாள் வழக்கம்போல 'ஸ்க்ரீன்ல என்னங்க சார்?' என்றார்.

வாயைத் திறந்தேன். 'கிளியர்' என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லாததற்குக் காரணம் என் அறிவு என்று நீங்கள் நினைக்க வேண்டாம். பதினோரு மணிக்குச் சொல்லிக்கொண்ட அந்த நல்ல பதில் எங்கோ உறுத்திக்கொண்டே இருந்தது. திரையை விட்டுவிட்டு, ஒவ்வொரு டேக்கும் கடைசியாக எங்கிருந்து பதில் சொன்னது என்ற பட்டியலைத் திறந்தேன். எல்லோருடைய கடைசிப் பதிலும் க்ரஷர் கம்பத்தில், சற்று முன்பு. ஒருவருடையது மட்டும் சம்ப்பு இறக்கத்தில், காலை ஏழு ஐம்பத்தெட்டுக்கு. மற்றவர்கள் வெளியே நடந்து வந்து மறைந்திருந்தார்கள். ராயப்பன் உள்ளே நடந்து போய் மறைந்திருந்தார்.

வாக்கிடாக்கியில் அவரை மூன்று முறை கூப்பிட்டேன். பதில் இல்லை. பம்ப் ஓடும்போது அவர் பதில் சொல்லி நான் கேட்டதேயில்லை. சைரனும் அவருக்குக் கேட்காது. அதனால்தான் அந்தப் பள்ளத்துக்கென்று தனியாக ஒரு கம்பம் நட்டோம்.

மேனேஜர் அதற்குள் கண்ட்ரோல் ரூமுக்கே வந்துவிட்டார். இப்போதிருக்கும் மேனேஜர் இல்லை, முந்தையவர். நல்ல மனிதர். வெளியே இடி கேட்டது.

"ஸ்க்ரீன்ல எத்தன பேரு?" என்றார்.

"யாருமில்லைங்க சார்."

"அப்புறம் என்ன?"

"ஒருத்தர் வெளிய வரலைங்க சார். ஆனா உள்ளயும் இல்லன்னு காட்டுது."

டேக்கின் பேட்டரி தீர்ந்திருக்கலாம் என்றார். இருக்கலாம். பின்பாதையில் போயிருக்கலாம் என்றார். அதுவும் இருக்கலாம். அவர் சொன்னது எல்லாமே நான் காலையில் எனக்குச் சொல்லிக்கொண்டதுதான். அவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எவ்வளவு மெலிந்த சமாதானம் என்று தெரிந்தது.

அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் உங்களில் ஒருவர் என்றாவது அங்கே உட்காருவீர்கள். கிளியர் சொல்லி, ராயப்பன் உள்ளே இருந்தால், கல் விழும். கிளியர் சொல்லாமல், அவர் ஏலாக்குறிச்சியில் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், நான்கு கொடிக்காரர்களை மின்னலில் நிறுத்தி வைத்தவன் நான். ஆளை அனுப்பிப் பார்க்கலாம் என்றால், என் சந்தேகம் ஒன்றுக்காக இன்னொரு மனிதரை மருந்துக்கும் மின்னலுக்கும் நடுவே அனுப்ப வேண்டும்.

கிளியர் இல்லை என்று வாக்கிடாக்கியில் சொன்னேன். கொடிக்காரர்களை வண்டிக்குள் ஏறி, பாதையை அடைத்து நிற்கச் சொன்னேன். ராயப்பன் சம்ப்பில் இருக்கக்கூடும், நிச்சயமாகத் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். யாரையும் போகச் சொல்லவில்லை. அந்தத் தைரியம் எனக்கு இல்லை.

கலியபெருமாள்தான் பேசினார். "நான் போயிப் பாத்துட்டு வரேன் சார். வெடிப்பெட்டி சாவி என் பையிலதான் இருக்கு. நான் வெளிய வராம எவனும் வெடிக்க முடியாது."

பைக்கை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போனார். திரையில் பூஜ்யம் ஒன்றானது. அவருடைய புள்ளி மருந்து நிரப்பிய முகப்பைத் தாண்டி, சம்ப்பு இறக்கத்தின் தலைப்புக்கு வந்தது. அங்கே காணாமல் போனது. திரை மறுபடி பூஜ்யம் காட்டியது.

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "வந்துட்டாரா?"

"வரலைங்க சார். உள்ளதான் இருக்காரு. கம்பத்துக்குத்தான் காது அடச்சிருக்கு."

அப்போதுதான் எனக்கு வாழை ஞாபகம் வந்தது. வாழைத்தண்டைப் பிழிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது முக்கால்வாசி தண்ணீர். நம் டேக் பேசுகிற ரேடியோ அலையைத் தண்ணீர் குடித்துவிடும். நாலு முழு மரத்தைச் சுற்றிலும் கட்டி வைத்தால் கம்பம் நான்கு விநாடிக்கு ஒரு முறை வாழைத்தண்டைப் பார்த்து 'யார் அது?' என்று கேட்டுக்கொண்டிருக்கும். பழுது என்று சிவப்பு விளக்கும் எரியாது, ஏனென்றால் அதற்கு ஒரு பழுதும் இல்லை. இதெல்லாம் எனக்குப் பாடமாகவே தெரியும். மழைக்கும் ரேடாருக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி விமானப்படையில் வகுப்பே எடுத்திருக்கிறேன். நல்லாக் கட்டுங்க என்று சொன்ன வாயும் இதே வாய்தான்.

பூஜ்யத்தைப் பார்த்தபடி இரண்டு பேரும் நின்றோம். ஏழு நிமிடம் கழித்து சம்ப்பு இறக்கத்தின் தலைப்பில் இரண்டு புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. ஒரே பைக்கில் வந்தால் அப்படித்தான் தெரியும். அவை க்ரஷர் கம்பத்தைத் தாண்டிய பிறகுதான் நான் உட்கார்ந்தேன். நின்றுகொண்டிருந்ததே அப்போதுதான் தெரிந்தது. அழுதேன். மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பி மழை வருகிறதா என்று ரொம்ப நேரம் பார்த்தார்.

வெடித்தோம். ஐந்து நிமிடத்தில் மழை கொட்டியது. மறுநாள் பார்த்தபோது பம்ப் கொட்டகையின் தகரக் கூரையில் தலை அளவுக்கு ஒரு ஓட்டை. கீழே ராயப்பனின் சாப்பாட்டுத் தூக்கு நசுங்கிக் கிடந்தது.

அறிக்கையில் வாழையைப் பற்றி எழுத வேண்டாம், சிக்னல் கோளாறு என்று போட்டுவிடலாம் என்று மேனேஜர் சொன்னார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். கட்டச் சொன்னது நான், கலியபெருமாளை நடக்க வேண்டாம் என்றதும் நான், பதினோரு மணிக்கே கவனித்துவிட்டுச் சும்மா இருந்ததும் நான் என்று மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். ஒரு மெமோ வந்தது. இப்போது கம்பத்தில் எதுவும் கட்டக்கூடாது என்று விதி இருக்கிறது; பூஜை கம்பத்தின் அடியில் எலுமிச்சம்பழத்தோடு முடிந்துவிடும். கலியபெருமாள் மறுபடியும் நடக்கிறார். அவர் நடந்து முடித்துச் சொல்லும்வரை நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது.

ஆனால் இதைச் சொல்வதற்காக நான் பஸ் ஏறி வரவில்லை. அன்று சாயங்காலம் மழை விட்ட பிறகு கேட்டு பக்கம் டீக்கடையில் ராயப்பனைத் தேடிப் போய் உட்கார்ந்தேன். பம்பின் வடிகட்டியில் சேறு அடைத்துக்கொண்டதாம், குனிந்து அதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது கலியபெருமாள் தோளைத் தொட்டிருக்கிறார். நடந்ததை எல்லாம் சொல்லி, என்னால்தான் என்றேன். மன்னிப்பும் கேட்டேன். வாழை இப்படிச் செய்யும் என்று தனக்கும் தெரியாதே என்று அவர் என்னைத் தேற்றினார். எனக்குத் தெரியும் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, டேக் வருவதற்கு முன்னால் சைரன் கேட்காத அந்தப் பள்ளத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"முன்னல்லாம் ஒரு மணி ஆச்சுன்னா பம்ப நிறுத்திட்டு மேட்டுல ஏறிப் பாப்பேங்க சார், செவப்புக் கொடி போட்டுட்டாங்களான்னு. தெனமும் பாப்பேன்" என்றார் ராயப்பன். டீயை ஒரு வாய் குடித்தார். "இப்பதான் நீங்க பாத்துக்கிட்டே இருக்கீங்களே. அதனால நான் நிமுந்தே பாக்கறதில்ல."

குறையாகச் சொல்லவில்லை. என்னைப் பாராட்டித்தான் சொன்னார்.

இனிமேல் மேலே ஏறிப் பாருங்கள் என்று அன்று சொன்னேன், அதன் பிறகும் பலமுறை சொல்லிவிட்டேன். சரிங்க சார் என்பார். நேற்றுகூடப் போன் செய்து கேட்டேன். நீங்கள் நான்கு பேர் புதிதாக வருவது அவருக்குத் தெரிந்திருக்கிறது, நல்லாப் படிச்ச புள்ளைங்களாமே என்று சந்தோஷப்பட்டார். திங்கட்கிழமை அவர் நிமிர்ந்து பார்க்க மாட்டார்.